பச்சை விறகால் மிச்சம் ஆகாது
"ஓசூர் அருகே தளி பக்கத்துக் குளிருக்கு வெந்நீர் பாய்லரில் பச்சை விறகு போடுங்கள், நின்று எரியும், விறகு மிச்சம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து நம்ப வேண்டாம். அப்போதுதான் வெட்டிய மரத்தில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர். மெதுவாக எரிவது போலத் தெரிவது, அந்த ஈரத்தை வற்ற வைக்கும் நேரம். கரண்ட் யூனிட் கணக்கில் சொன்னால், காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 4 யூனிட் சூடு தரும். பச்சையில் ஏறக்குறைய 2தான்.

விறகின் சூட்டில் பெரும்பங்கு அதிலிருந்து கிளம்பும் வாயுவில் இருக்கிறது. குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் கேஸிஃபிகேஷன் பாய்லர், அந்த வாயுவுக்குத் தனியாகக் காற்று கொடுத்து எரிக்கிறது. அதற்கே ஈரம் சுமார் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஈர விறகு போட்டால் வாயு எரியாமல் புகையாகப் போய், புகைக்குழாய்க்குள் பிசுபிசுவென்று கருப்பாகப் படியும்.

புளிய விறகைப் பிளந்து, மழை படாமல், காற்றோட்டமாக அடுக்குங்கள். வெட்டுமுனையில் வெடிப்பு விட்டு, இரண்டு கட்டையைத் தட்டினால் டங்கென்று கேட்க வேண்டும். அப்புறம் எரியுங்கள்.