பழைய மாஸ்டாவைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுக்கலாமா?

எங்கள் வீட்டு வாசலில் 1990இல் தயாரான சிவப்பு மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று நிற்கிறது. இரண்டே இருக்கைகள், கையால் மடக்கும் துணிக்கூரை, பொத்தானை அழுத்தினால் இமை திறப்பதுபோல மேலெழும் ஹெட்லைட்டுகள். 2011இல் ஹார்ட்ஃபர்ட்ஷயரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடமிருந்து 1,800 பவுண்டுக்கு அதை வாங்கினேன். சாவியோடு ஒரு நோட்டுப் புத்தகத்தையும் அவர் கொடுத்தார். ஒவ்வொரு முறை ஆயில் மாற்றியதும், ஒவ்வொரு நீண்ட பயணமும், தேதியும் மைல் கணக்குமாக அதில் இருந்தன. இந்த வண்டியைக் கொடுத்து, மேலே பணம் போட்டு, அதே மாதிரியின் நான்காம் தலைமுறை வண்டி ஒன்றை, 2019இல் பதிவானதை, எடுத்துக்கொள்ளலாமா என்று மூன்று மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். சென்ற வாரம் முடிவுக்கு வந்துவிட்டேன். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் இதே கேள்வியோடு இருப்பதால், எந்த வழியாக அந்த முடிவுக்கு வந்தேன் என்பதை விரிவாகவே எழுதுகிறேன்.

புது வண்டி மீதான ஆசையால் இந்தக் கேள்வி எழவில்லை. தினக் கட்டணத்தால் எழுந்தது. நாங்கள் வசிக்கும் ஹாரோ, லண்டனின் வெளிவட்டப் பகுதி. யூலெஸ் எனப்படும் மிகக் குறைந்த புகை மண்டலம் 2023 ஆகஸ்ட் 29 அன்று லண்டனின் எல்லாப் பகுதிகளுக்கும் விரிவானபோது எங்கள் தெருவும் அதற்குள் வந்தது. பெட்ரோல் கார் என்றால், புகை அளவுக்கான ஐரோப்பியத் தரங்களில் ஒன்றான யூரோ 4ஐ எட்டியிருக்க வேண்டும். பெரும்பாலும் 2005க்குப் பின் பதிவான வண்டிகளே அதை எட்டுகின்றன. யூரோ தரங்கள் தொடங்கியதே 1992இல்தான் என்பதால், 1990இல் பிறந்த என் வண்டிக்கு வழியே இல்லை. வாசலில் நிற்கும்வரை கட்டணமில்லை. சக்கரம் உருண்டால் அன்றைக்கு 12.50 பவுண்டு. நாள் என்பது நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை. ஈஸ்ட்ஹாமில் ஒரு கல்யாண வரவேற்புக்கு மனைவியோடு இந்த வண்டியில் போய், சாப்பிட்டு, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பி வீடு வந்து சேர்ந்தபோது மணி 12.20 ஆகிவிட்டது. இரண்டு நாள் கணக்காக 25 பவுண்டு கட்டினேன்.

இந்தக் கட்டணத்தை நான் குறைசொல்லவில்லை. தென்கிழக்கு லண்டனில், சவுத் சர்குலர் சாலைக்கு அருகில் வாழ்ந்து, கடும் ஆஸ்துமாவால் 2013இல் இறந்துபோன ஒன்பது வயதுச் சிறுமியின் மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020இல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்ததை, பிள்ளைகளை இந்த ஊரில் வளர்க்கும் எவராலும் மறக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை என் சந்தோஷத்துக்காக ஓட்டும் வண்டியின் புகை அடுத்த வீட்டுப் பிள்ளையின் மூச்சில் கலக்கிறது என்றால், அதற்கு நான் விலை கொடுப்பது நியாயமே. அந்த விலையைக் கொடுத்துக்கொண்டு இதை வைத்திருப்பதா, கைமாற்றிவிட்டுப் புதியதற்குப் போவதா என்பது மட்டுமே என் கேள்வி.

எதை இழக்கப் பார்க்கிறேன் என்பது முதலில் எனக்கே தெளிவாக வேண்டியிருந்தது. 1960களில் லோட்டஸ் எலான், எம்ஜி பி, ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் போன்ற சிறிய, எடை குறைந்த, திறந்த கார்கள் பிரிட்டனின் அடையாளமாக இருந்தன. எம்ஜி பி, ஸ்பிட்ஃபயர் இரண்டின் உற்பத்தியும் 1980இல் நின்றுபோனது. செத்துப்போனதாக எல்லோரும் கைகழுவிய அந்த வகையை 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் மறுபடி மேடையேற்றியது மாஸ்டா. திட்டத்துக்குத் தலைமை தாங்கிய பொறியாளர் தொஷிஹிக்கோ ஹிராய், குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஓருடலாகும் நிலையைக் குறிக்கும் ‘ஜின்பா இத்தாய்’ என்ற ஜப்பானியத் தொடரையே அளவுகோலாக வைத்தார். முன்பக்கம் இன்ஜின், பின்சக்கரத்துக்கு இழுவை, நான்கு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன், எடையைக் குறைக்க அலுமினிய பானெட், கியர் பெட்டியையும், பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலையும் விறைப்பாகப் பிணைக்கும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் என எல்லாம் அந்த ஒரே நோக்கத்துக்காகவே அமைந்தன. 1.6 லிட்டர் இன்ஜின், ஏறக்குறைய 115 குதிரைத்திறன், ஒரு டன்னுக்கும் குறைவான எடை. இன்றைய குடும்பக் கார்களே இதைச் சுலபமாக முந்திவிடும். ஆனால் அந்த அலுமினியச் சட்டத்தால்தான் கியர் லிவரை மணிக்கட்டை மட்டும் அசைத்து மாற்ற முடிகிறது. ஒவ்வொரு மாற்றமும் தாழ்ப்பாள் விழுவதுபோல் உள்ளங்கையில் தெரிகிறது. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது எம்எக்ஸ்-5 தயாரானது. இவ்வளவு பேர் வாங்கியது வெறும் விலைக்காக இருக்க முடியாது என்பது என் எண்ணம்.

இனி புதியதைப் பற்றி. விற்பனையாளர் ஒருவரிடமிருந்து அதை ஒரு மணி நேரம் வாங்கி ஓட்டினேன், நேர்மையாகச் சொல்கிறேன், அது மிக நல்ல கார். 184 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 7,500 சுற்றுவரை தயங்காமல் ஏறும் இன்ஜின், அப்படியும் எடை ஒரு டன்னைச் சற்றே தாண்டுகிறது. இதுவரை வந்த எம்எக்ஸ்-5களிலேயே நீளம் குறைந்தது இந்தத் தலைமுறைதான், 3,915 மில்லிமீட்டர். மற்ற நிறுவனங்கள் போன பாதையைப் பார்த்தால் இதன் அருமை புரியும்: தொடக்ககால போர்ஷே 911 வெறும் 1,610 மில்லிமீட்டர் அகலம், இன்றைய 911 சாதாரண மாதிரியே 1,852. பழைய வண்டியில் ஸ்டீயரிங் மேலும் கீழும் முன்னும் பின்னும் எங்கும் அசையாது. பதினான்கு வருடமாக முழங்காலை ஒதுக்கி ஒதுக்கி அதற்கேற்ப உட்காரப் பழகிவிட்டேன். புதியதில் ஸ்டீயரிங்கை நெஞ்சை நோக்கி இழுத்து வைத்துக்கொண்டபோது, இந்த வண்டி என்னை அளந்து தைத்ததுபோல் இருந்தது. கூரையைச் சிக்னலில் நிற்கும் நேரத்தில் ஒற்றைக் கையால் மடக்கிவிடலாம். என்னுடையதில் முதலில் பின்பக்கத்துப் பிளாஸ்டிக் ஜன்னலின் ஜிப்பைக் கழற்றிப் படுக்கவைத்துவிட்டுத்தான் கூரையை இறக்க வேண்டும். அவசரப்பட்டால் பிளாஸ்டிக் மடிந்து விரிசல் விழும், குளிர்காலத்தில் அதைத் தொடவே கூடாது.

அந்த ஒரு மணி நேரத்தில் நாற்பது நிமிடம் நகரத்துக்குள்ளேயே போய்விட்டது, அது நல்லதாகவும் ஆயிற்று. லண்டன் தெருக்கள் பலவற்றில் இப்போது வேக வரம்பு மணிக்கு 20 மைல். அந்த வேகத்தில் புதிய கார் அமைதியாக, ஒழுங்காக, நான் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்பதுபோல் போகிறது. அதன் ஸ்டீயரிங்குக்கு மின்மோட்டார் உதவுகிறது. துல்லியத்தில் குறையில்லை, ஆனால் சாலை என்ன சொல்கிறது என்பதை அது எனக்குச் சொல்வதில்லை. பழையதில் அதே 20 மைலில் தார் மாறும் இடம், ஈரமான இலைமேல் டயர் ஏறும் நொடி, ஒட்டுப்போட்ட பள்ளத்தின் விளிம்பு என எல்லாம் விரல்களுக்கு வந்து சேர்கின்றன. இரண்டாவது கியரில் ஒரு சாதாரண வளைவை ஒழுங்காக எடுத்தாலே மனம் நிறைகிறது. புதிய கார் தன் முழுத் திறமையையும் காட்ட வேண்டுமானால் நான் சட்டத்தை மீறியாக வேண்டும். பழையது சட்டத்துக்கு உட்பட்ட வேகத்திலேயே தன்னிடமிருப்பதில் பெரும்பகுதியைத் தந்துவிடுகிறது. ஸ்போர்ட்ஸ் கார் என்ற சொல்லுக்கு எனக்கு இதற்குமேல் பொருள் தெரியவில்லை. எத்தனை நொடியில் 60 மைலைத் தொடுகிறது என்ற கணக்கைக் கொண்டு இரண்டையும் ஒப்பிடுகிறவர்கள் எதை ஒப்பிடுகிறோம் என்பதையே தவறவிடுகிறார்கள்.

பணக் கணக்கையும் போட்டேன். புதியதன் விலை 17,500 பவுண்டு. பழையதற்கு விற்பனையாளர் தரச் சம்மதித்தது 4,000. பானெட்டைத் திறப்பதற்கு முன்பே மண்டியிட்டு, கதவுக்கு அடியில் ஓடும் தகட்டில் துரு இருக்கிறதா என்று தட்டிப் பார்த்த மனிதர், விவரம் தெரிந்தவர். ஆக, கையிலிருந்து 13,500 போட வேண்டும். அன்றாட வேலைக்கு வீட்டில் ஹைப்ரிட் கார் ஒன்று இருப்பதால், இது முழுக்க முழுக்க சந்தோஷத்துக்கான செலவு. பழையதை வருடத்துக்கு 30 நாள் எடுத்தால் கட்டணம் 375 பவுண்டு. எல்லைக்கு வெளியே வாட்ஃபர்டில் ஒரு கராஜை வாடகைக்குப் பிடித்து அங்கே நிறுத்தலாமா என்று விசாரித்தேன். மாதம் 120 பவுண்டு கேட்டார்கள், அது கட்டணத்தைவிட மூன்று மடங்குக்கும் மேல். சாலை வரியும் உறுத்துகிறது: 2001 மார்ச்சுக்கு முந்தைய கார்களில் 1,549 சிசியைத் தாண்டினால் கூடுதல் வீதம், என் இன்ஜின் 1,597. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாலும் மாற்றிக்கொள்வதைவிட வைத்திருப்பதே மலிவு. ‘12.50 பவுண்டு கட்டி யார் ஓட்டுவது’ என்று கோபத்தில் விற்றுவிட்ட ஒரு நண்பர், கோபம் தணிந்த பிறகு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து வருந்தினார்.

என்னை உண்மையாகவே அசைத்தது பாதுகாப்பு. மகளுக்குப் பதினேழு வயது. வண்டி ஓட்டப் பழகுகிறாள். எழுத்துத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவள், ஒரு நாள் இந்தக் காரின் ஸ்டீயரிங்கைத் தடவிப் பார்த்துவிட்டு, “அப்பா, இதுல ஏர்பேக் எங்க இருக்கு?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “ஏபிஎஸ்?” என்றாள். அதுவும் இல்லை. அவள் வேறொன்றும் சொல்லவில்லை. எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. நான்காம் தலைமுறை எம்எக்ஸ்-5 2015இல் யூரோ என்கேப் மோதல் சோதனையில் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் பெற்றது. இந்த வித்தியாசத்தை எந்த ரசனையாலும் ஈடுகட்ட முடியாது, ஈடுகட்ட முடியும் என்று நான் எழுதவும் மாட்டேன். ஆகவே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன்: இந்தக் காரில் வேறு யாரும் உடன் இருந்தால் மோட்டார்வேயில் ஏறுவதில்லை, மழையிலும் இரவிலும் எடுப்பதில்லை, மகள் இதில் ஓட்டிப் பழகப்போவதில்லை. இதுபோன்ற பழைய காரே வீட்டின் ஒரே கார் என்ற நிலையில் இருப்பவர்கள் என்னிடம் கேட்டால், தயங்காமல் புதியதற்கு மாறுங்கள் என்றுதான் சொல்வேன்.

இன்னொரு பக்கமும் உண்டு, அது துரு. இந்த ஊரில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்புப் போடுகிறார்கள். உப்பு கீழிருந்து தின்கிறது என்றால், தண்ணீர் மேலிருந்து இறங்கித் தின்கிறது. கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னால், இரு மூலைகளிலும் உள்ள வடிகால் ஓட்டைகள் வழியாக இறங்கிப் பின்சக்கரத்துக்கு முன்னால் வெளியேற வேண்டும். அந்த ஓட்டையில் இலைக்குப்பை அடைத்துக்கொண்டால் தண்ணீர் கதவடித் தகட்டுக்குள் தேங்கி உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் கொப்புளம் தெரியும்போது உள்ளே தகடு ஏற்கெனவே போயிருக்கும். 2021இல் ஆண்டுத் தகுதிச் சோதனையில் அதனால்தான் தோற்று, இரண்டு பக்கமும் வெட்டி வெல்டிங் செய்ய 900 பவுண்டு ஆனது. அந்த வருடம் பெருந்தொற்றினால் வண்டியை மாதக்கணக்கில் மூடிப் போட்டே வைத்திருந்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் நரம்பை எடுத்து அந்த ஓட்டைக்குள் மெதுவாகச் செலுத்தித் திருகுகிறேன். முதலில் ஒன்றும் வராது. பிறகு திடீரென்று காப்பிக் கசடுபோல் கறுத்த தண்ணீர் சக்கரத்தின் அருகில் கொட்டும். அந்தச் சத்தத்தைக் கேட்டபின்தான் நிம்மதி.

பழைய காரை மூடிப் போட்டு நிறுத்திவைப்பதற்குப் பெயர் பாதுகாப்பதல்ல. நிற்கும் வண்டியில் பிரேக் பிடித்துக்கொள்கிறது, ரப்பர் காய்கிறது, டயர் ஒரு பக்கம் தட்டையாகிறது, ஈரம் உள்ளே குடியேறுகிறது. கட்டணத்துக்குப் பயந்து எடுக்காமலே வைத்திருப்பதானால், லண்டனுக்கு வெளியே தினமும் ஓட்டக்கூடிய ஒருவரிடம் கொடுத்துவிடுவதே அந்த இயந்திரத்துக்குச் செய்யும் மரியாதை. அதனால் முடிவை ஒரு நிபந்தனையோடு எடுத்தேன். மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் வருடத்துக்குக் குறைந்தது 25 நாளாவது ஓட்ட வேண்டும். இரண்டு வருடம் தொடர்ந்து அதற்குக் கீழே போனால், தகுந்த ஆளைத் தேடிக் கொடுத்துவிடுவேன். நிறைவேறுகிறதா என்பதை ஆசிரியரின் நோட்டே சொல்லிவிடும்.

காலக் கணக்கும் இதற்குச் சாதகமாக இருக்கிறது. பிரிட்டனில் 40 வயதைக் கடந்த வாகனம் வரலாற்று வாகனம் என்ற வரிப் பிரிவுக்குள் போகலாம். அதற்குச் சாலை வரியும் இல்லை, யூலெஸ் கட்டணமும் இல்லை. இப்போதைய விதி நீடித்தால், 1990இல் தயாரான என் கார் 2031 ஏப்ரல் 1 அன்று அந்தப் பிரிவுக்குத் தகுதி பெறும். முழுக்கப் பெட்ரோலில் மட்டும் ஓடும் புதிய கார்களின் விற்பனையை 2030க்குள் நிறுத்துவதாக அரசு அறிவித்திருக்கிறது. ஆக, இந்த வகைப் புதுக் காரைக் கடையில் வாங்க முடியாமல் போகும் நேரத்தில் என் பழைய காருக்கு வாசல் திறக்கும். 2019ஆம் ஆண்டு வண்டி இன்னும் சில வருடம் கழித்துத் தேடினாலும் சந்தையில் கிடைக்கும், விலையும் இறங்கியிருக்கும். வடிகால் அடைக்காமல், தகடு அரிக்காமல், பதினான்கு வருடம் என் கையாலேயே பார்த்துக்கொண்ட 1990ஆம் ஆண்டு வண்டி அப்படித் தேடிக் கிடைப்பதல்ல.

வெள்ளிக்கிழமை விற்பனையாளரை அழைத்து வேண்டாம் என்று சொன்னேன். ஞாயிறு காலை ரிக்மன்ஸ்வர்த், அமர்ஷம் வழியாக வெண்டோவர் வரை போய்த் திரும்பினோம், கூரையை இறக்கிவிட்டு, நானும் மனைவியும். வீட்டுக்கு வந்ததும் நோட்டில் தேதியையும் மைலையும் எழுதி, இந்த வருடம் வண்டி ஓடிய பத்தொன்பதாவது நாள் என்று ஓரத்தில் குறித்துவைத்தேன்.