மூணு விசில் என்றால் எத்தனை நிமிஷம்?

சமையல் குறிப்பு எழுதுகிற எல்லாரிடமும் ஒரு வேண்டுகோள். "மூணு விசில் விட்டு இறக்கவும்" என்று எழுதுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த வரியை நம்பிச் சமைப்பவருக்கு அதில் ஒரு தகவலும் இல்லை. அடுப்பைப் பெரிதாக எரியவிட்டால் மூணு விசிலும் சில நிமிஷத்திலேயே வந்துவிடும். சிம்மில் வைத்தால் அதே மூணு விசிலுக்கு இருபது நிமிஷம்கூட ஆகலாம். குக்கரின் அளவு, உள்ளே எவ்வளவு நிரப்பியிருக்கிறோம், கேஸ்கட் எவ்வளவு பழசு என எல்லாமே அந்தக் கணக்கை மாற்றும். ஒரே கடையில் வாங்கிய துவரம் பருப்பு ஒரு வீட்டில் முழுசு முழுசாக நிற்பதும் இன்னொரு வீட்டில் கூழாவதும் இதனால்தான்.

குக்கருக்குள் ஆவி சேரச் சேர அழுத்தம் ஏறும். வெளிக்காற்றைவிடச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ கூடும்போது ஆவி வெயிட்டைத் தூக்கும். கொஞ்சம் ஆவி சீறிக்கொண்டு வெளியேறும், அழுத்தம் இறங்கும், வெயிட் திரும்ப உட்காரும். விசில் என்பது இவ்வளவுதான். அந்த அழுத்தத்தில் உள்ளே வெப்பம் சுமார் 120 டிகிரி. தீயை எவ்வளவு கூட்டினாலும் அதற்கு மேல் ஏறாது. கூட்டிய கேஸ் மொத்தமும் விசிலாகத்தான் வெளியே போகிறது, பாத்திரத்திலிருக்கும் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு. அடிப்பிடிக்கிறது, மஞ்சள் தண்ணீர் அடுப்பெல்லாம் தெறிக்கிறது என்றால் முதல் காரணம் இந்தப் பெரிய தீ.

1679இல் பிரான்ஸைச் சேர்ந்த தெனி பாப்பின் லண்டனில் குக்கரின் முன்னோடியைச் செய்து காட்டினார். எலும்பைக்கூட மெத்தென்று ஆக்கும் பாத்திரம் அது. வெடித்துவிடக் கூடாது என்று அதற்கு வெயிட் வைத்த வால்வைச் சேர்த்தவரும் அவரே. மிஞ்சிய ஆவியை வெளியே விடும் அந்தப் பாதுகாப்பு ஏற்பாட்டை வைத்துக்கொண்டுதான் நாம் நேரம் பார்க்கிறோம். குக்கர் டப்பாவுக்குள் ஒரு சின்னப் புத்தகம் வருமே, அதைப் பிரித்துப் பாருங்கள். முழு அழுத்தம் வந்தபிறகு எத்தனை நிமிஷம் என்றுதான் அதில் கணக்கு இருக்கும். பல வீடுகளில் அது பிரிக்கப்படாமலே பரணுக்குப் போய்விடுகிறது.

செய்யவேண்டியது எளிது. மூடியை மூடி, வெயிட் போடாமல் பெரிய தீயில் வையுங்கள். துவாரம் வழியே ஆவி நேராக, விடாமல் வர ஆரம்பித்ததும் வெயிட்டைப் போடுங்கள். இந்தக் காத்திருப்பு வீணில்லை. உள்ளே காற்று மாட்டிக்கொண்டால் அதே அழுத்தத்திலும் வெப்பம் குறைவாகவே இருக்கும். துவாரம் அடைபடவில்லை என்பதும் இதில் தெரிந்துவிடும். முதல் விசில் வந்ததும் சிம். நேரத்தை அங்கிருந்து எண்ணுங்கள். சிம் ரொம்பக் குறைந்துவிட்டதோ என்று சந்தேகமாக இருந்தால் ஒரு முள்கரண்டியால் வெயிட்டை இம்மி தூக்குங்கள், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு. ஆவி வேகமாகச் சீறினால் அழுத்தம் நிற்கிறது. சோம்பலாக வந்தால் தீயைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

அரை மணி ஊறிய துவரம் பருப்புக்குச் சிம்மில் 5, 6 நிமிஷம் போதும், ஊறாததற்கு 10. ஊறிய பச்சரிசிக்கு 5. இரவு முழுக்க ஊறிய கொண்டைக்கடலைக்கு 15 முதல் 20. முழு உருளைக்கிழங்கு நடுத்தர அளவென்றால் 8. மட்டன் 20இல் தொடங்கி, ஆட்டின் வயதைப் பொறுத்து 30 வரை போகும். அடுப்பை அணைத்தபிறகு அழுத்தம் தானாக அடங்கும் பத்து நிமிஷத்திலும் உள்ளே வெந்துகொண்டுதான் இருக்கும், அதுவும் இந்தக் கணக்கில் சேர்த்தி. பருப்புக்கு வெயிட்டைத் தூக்கி அவசரப்படுத்தினால் நுரையோடு பொங்கி வெளியே வரும்.

சரியான நேரம் வைத்தும் பருப்பு வேகவில்லை என்றால் குக்கரைக் குறை சொல்லாதீர்கள், தண்ணீரைப் பாருங்கள். போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினை அவை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், பருப்பு குழையாது. பருப்புக்கு மட்டுமாவது குடிக்கிற தண்ணீரை ஊற்றுங்கள். புளித்தண்ணீரும் தக்காளியும் இதே வேலையைச் செய்பவை, பருப்பு மலர்ந்தபிறகுதான் சேர்க்கவேண்டும். நாள்பட்ட பருப்பும், புழுக்கமான இடத்தில் இருந்த கடலையும் எவ்வளவு நேரம் வைத்தாலும் முரண்டு பிடிக்கும். உப்பு போட்டால் வேகாது என்று சொல்வார்கள். கடலை ஊறும் தண்ணீரில் ஒரு ஸ்பூன் உப்பு போட்டுப் பாருங்கள், தோல் இன்னும் மெத்தென்று ஆகும். சோடியம் போய்க் கால்சியத்தின் இடத்தைப் பிடிப்பதுதான் காரணம். ஆப்ப சோடாவும் குழைய வைக்கும், ஆனால் பி1 விட்டமினை அழித்துவிடும். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குக்கரை ஒருபோதும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். சாதத்துக்கும் பருப்பு வகைக்கும் தண்ணீரோடு சேர்த்து அரைப்பங்குதான் எல்லை. பருப்பு நுரைத்து மேலே வந்து துவாரத்தை அடைக்கும். அரை ஸ்பூன் எண்ணெய் விட்டால் நுரை கட்டுப்படும். ஒவ்வொரு முறையும் மூடியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் துவாரத்தின் வழியே பாருங்கள். மறுபக்கம் தெரியவில்லையா, ஈர்க்குச்சியை விட்டுக் குத்தி எடுங்கள். ஐந்து நொடி வேலை. இதைத் தவிர்த்தால்தான் விபத்து.

சேஃப்டி வால்வு பற்றி ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். பல குக்கர்களில் அதன் நடுவே சீக்கிரம் உருகும் உலோகம் இருக்கும். தண்ணீர் வற்றி வெப்பம் தாறுமாறாக ஏறினால் அது உருகி ஆவிக்கு வழிவிடும். அப்படிப் போய்விட்டால் அந்தக் கம்பெனியின் வால்வையே வாங்கி மாட்டுங்கள். எம்-சீல் வைத்து அடைப்பதும், ஏதோ ஒரு போல்ட்டைத் திருகுவதும் உயிரோடு விளையாடுவது. பக்கவாட்டில் ஆவி கசிந்தால் கேஸ்கட் விறைத்துவிட்டது. அதைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு எடுத்தால் அன்றைய சமையல் ஓடும், அவ்வளவுதான். வருஷத்துக்கு ஒன்று மாற்றுவது நல்லது.

ஊட்டியில் இருப்பவர்கள் மேலே சொன்ன நேரங்களோடு கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். 2,240 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரிக்குள் கொதித்துவிடும். குக்கருக்குள்ளும் 116 டிகிரி சுமாருக்குத்தான் வரும். வெளிநாட்டுத் தமிழர் வீடுகளில் இப்போது பரவலாக இருக்கும் மின்சாரக் குக்கருக்கும் அப்படித்தான். அதன் அழுத்தம் நம் அடுப்புக் குக்கரைவிடப் பொதுவாகக் குறைவு, நேரத்தைக் கால்வாசியாவது கூட்டவேண்டும். அதில் விசிலே கிடையாது. "நாலு விசிலுக்கு இதில் எத்தனை நிமிஷம் வைக்க?" என்று கேட்பவருக்கு, குறிப்பு எழுதியவரே பதில் சொல்லியிருக்க வேண்டும்.

அதற்குப் பெரிய மெனக்கெடல் தேவையில்லை. "துவரம் பருப்பு 1 கப், அரை மணி ஊறியது, தண்ணீர் 3 கப், 3 லிட்டர் குக்கர், முதல் விசிலுக்குப்பின் சிம்மில் 6 நிமிஷம், அழுத்தம் தானாக அடங்கியதும் திறக்கவும்." இப்படி எழுதினால் மதுரையிலும் வேகும், டொரண்டோவிலும் வேகும்.