கூரையில் நீர்க்கசிவா? முதலில் யாரிடம் போவது?

"மேல்வீட்டுக் கழிவறையிலிருந்து நீர் ஒழுகுகிறது, நகர மன்றம் கண்டுகொள்ளவில்லை" என்று சிங்கப்பூர் அடுக்குமாடி வீடுகள் பற்றிய ஒரு கட்டுரையில் குடியிருப்பாளர் ஒருவர் குறைபட்டிருக்கிறார். பாவம், அவர் தட்டிய கதவே மாறிவிட்டது. நகர மன்றத்தின் பொறுப்பு பொது இடங்கள்: நடைபாதை, மின்தூக்கி, வெளிச்சுவர், மொட்டைமாடி. உச்சிமாடி வீட்டில் மழைக்குப் பின் கசிந்தால் அவர்களைக் கேட்கலாம். இரு வீடுகளுக்கு இடையிலான கசிவுக்கு மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும்தான் பொறுப்பு. அரசு அடுக்குமாடி வீடுகளைக் கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் நல்லெண்ணப் பழுதுபார்ப்புத் திட்டத்தில் சேர்ந்தால் செலவில் பாதியைக் கழகம் ஏற்கும், மீதியை இருவரும் சரிபாதியாகக் கட்டுவார்கள்.

பெரும்பாலும் மேல்வீட்டுத் தரைக்கு அடியிலுள்ள நீர்த்தடுப்புப் படலம் தேய்ந்திருக்கும். கீழே சாயம் பூசி மறைப்பது வீண்வேலை. ஈரம் ஊறி உள்கம்பி துருப்பிடித்து உப்பினால் காங்கிரீட் பெயர்ந்து விழும்.

நகர மன்றத்துக்கு மாதாமாதம் கட்டும் பராமரிப்புக் கட்டணம் துப்புரவுக்கு மட்டும் போவதில்லை. சட்டப்படி ஒரு பகுதியைப் பெரிய பழுதுபார்ப்புகளுக்கான நீண்டகால நிதிக்கும், இன்னொன்றை மின்தூக்கி மாற்று நிதிக்கும் ஒதுக்கியாக வேண்டும்.

எந்த அமைப்பிடம் போவது என்றே தெரியாவிட்டால் ஒன்சர்வீஸ் என்ற கைப்பேசிச் செயலியில் புகாரைப் போடுங்கள், உரியவரிடம் போய்ச்சேரும். படத்தோடு புளோக் எண், மாடி, எந்த மின்தூக்கி என்பதையும் எழுதுங்கள். "லிஃப்ட் கெட்டுப்போச்சு" என்று மட்டும் எழுதினால் ஊழியர் எந்த லிஃப்டைத் தேடுவார்?