1930 சட்டத்துக்கு ஆலிவ் ஷ்ரைனர் காரணமில்லை

"தென்னாப்பிரிக்காவில் வெள்ளைக்காரப் பெண்களுக்கு மட்டும் ஓட்டு வாங்கிக் கொடுத்தவர் எழுத்தாளர் ஆலிவ் ஷ்ரைனர்" என்று டர்பன் தமிழ் வாட்ஸப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் சித்தியும் நம்பி எனக்கு அனுப்பியிருந்தார். தவறான செய்தி.

வெள்ளைக்காரப் பெண்களுக்கு மட்டும் ஓட்டுக் கொடுத்த அந்தச் சட்டம் வந்தது 1930-ல். ஆலிவ் 1920 டிசம்பரிலேயே கேப் டவுன் வைன்பெர்க்கில் காலமாகிவிட்டார். அப்புறம் எப்படி அவர் வாங்கிக் கொடுத்திருக்க முடியும்?

சரி, தேதியை விடுங்கள். எனக்கு மனசு கேட்காதது வேறு. பின்னாளில் தென்னாப்பிரிக்காவின் பகுதியான கேப் காலனியில், பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தில் துணைத் தலைவராக இருந்தவர் அவர். கறுப்பினப் பெண்களை ஒதுக்கிவிட்டு ஓட்டுக் கேட்கும் பக்கம் சங்கம் சாய்ந்ததும் வெளியேறினார். சங்கத்தின் துண்டறிக்கை ஒன்றின் மேலேயே தன் கையால் கிறுக்கி வைத்தார்: கேப் காலனியின் பெண்கள், எல்லாப் பெண்களுக்கும் ஓட்டு, அந்த நிபந்தனையில்தான் சேர்ந்தேன் என்று. 1883-ல் ரால்ஃப் அயர்ன் என்ற ஆண் பெயரில் முதல் நாவலை வெளியிட வேண்டியிருந்த பெண் அவர். ஒதுக்கப்படுவது என்னவென்று அவருக்குத் தெரியும்.

தென்னாப்பிரிக்கத் தமிழர்களான நம் பாட்டிமார் மற்றவர்களுக்குச் சமமாக ஓட்டுப் போட்டது 1994-ல்தான். அந்தக் கோபம் நியாயமானது, ஆனால் இவர் மேல் காட்ட வேண்டியதல்ல. சித்தியிடம் சொல்லிவிட்டேன், குழுவிலும் திருத்திப் போடுகிறார்.