'படங்களுடன்' என்ற ஒரு சொல் போதாது

பழைய கையெழுத்துச் சுவடிகளை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவிட்டாலே தேடுபவருக்குக் கிடைத்துவிடும் என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. சுவடிப் பட்டியலில் நூல் பெயர், காலம், மொழி எல்லாம் பதிவாகிறது, ஓவியங்கள் என்று வந்தால் 'படங்களுடன்' என்று ஒரே சொல், அவ்வளவுதான். இடைக்கால ஐரோப்பியச் சுவடிகளின் ஓரங்களில் நத்தையோடு சண்டை போடும் வீரர்கள் வருவார்கள். அவர்களைத் தேடுபவர் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியதுதான்.

நூலகங்கள் படங்களை இணையத்தில் பகிரப் பயன்படுத்தும் பொதுத் தரமான டிரிபிள் ஐ எஃப் (IIIF) முறையில் பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் கட்டம் கட்டிக் குறிப்பு சேர்க்கலாம், ஆக தொழில்நுட்பம் தடையில்லை. எதை எழுதுவது என்பதில்தான் சிக்கல். கையில் சாவியுடன் தாடி வைத்த முதியவர் என்று கண்ணுக்குத் தெரிவதை எழுதுவது ஒன்று, அவர் புனித பேதுரு என்று அடையாளம் சொல்வது வேறு. இரண்டையும் பட்டியலில் தனித்தனித் தகவல் புலத்தில் வையுங்கள், அடையாளம் பின்னால் தவறென்று தெரிந்தாலும் முதல் விவரம் நிற்கும். படத்தில் இருக்கும் பொருளுக்கு ஒரு நிலையான குறியீடு தரும் இக்கோன்கிளாஸ் (Iconclass) என்ற வகைப்பாட்டு முறை நல்லதுதான், ஒரே பொருளை ஆளுக்கொரு பெயரில் எழுதுவதைத் தடுக்கும். ஆனால் அது மேற்கத்தியக் கலையை வைத்து உருவானது, பாரசீக, இந்திய ஓவியங்களுக்கு அப்படியே போட்டால் நிறைய விடுபடும். அப்புறம், விவரம் எழுதியது யார், எப்போது என்பதையும் பதியுங்கள், கணினி தானாக எழுதியது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.