ஹிஸ்டோன் வெறும் பொதியுறை அல்ல

"ஹிஸ்டோன்கள் டிஎன்ஏவைச் சுருட்டி வைக்கும் பொதியுறை மட்டுமே, மரபணு இயங்குவதில் அவற்றுக்குப் பங்கில்லை, கோர்ன்பெர்க்கே சொன்னது" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். ஹிஸ்டோன் என்பது செல்லுக்குள் டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதம்; ரோஜர் கோர்ன்பெர்க் அந்த அமைப்பை ஆராய்ந்த அறிவியலாளர். சுருட்டி வைப்பது சரி. மற்றது தவறு.

நகரியில் தறிச் சத்தத்தோடு வளர்ந்தவன் நான். தாரில், அதாவது நெசவில் நூல் சுற்றும் சிறு குழலில், நூல் சுற்றியிருக்கும்போது உள்சுற்றில் உள்ள முடிச்சு விரலுக்குத் தட்டுப்படாது. இங்கும் அப்படித்தான். எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த உருளையை ஏறத்தாழ 147 கார இணை (டிஎன்ஏ ஏணியின் படிகள்) நீளமுள்ள டிஎன்ஏ ஒன்றரைச் சுற்றுக்குச் சற்றுக் கூடுதலாகச் சுற்றியிருக்கிறது. மரபணுவின் தொடக்கப் பகுதி அந்தச் சுற்றுக்குள் அகப்பட்டால் மரபணுவைப் படித்து ஆர்என்ஏ நகல் எடுக்கும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸ் உட்கார இடமில்லை.

ஆனால் தாருக்கு வால் கிடையாது, ஹிஸ்டோனுக்கு உண்டு. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த வாலில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தில் அசிட்டைல் என்ற சிறு வேதித் தொகுதி ஏறினால் அதன் நேர்மின்னூட்டம் போய்விடும். எதிர்மின்னூட்டமுள்ள டிஎன்ஏ மீது பிடி தளரும், மரபணுவைப் படிக்க வழி பிறக்கும். செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்து உருளையையே நகர்த்திவிடும் புரதக் கூட்டமைப்புகளும் இருக்கின்றன.

கோர்ன்பெர்க்கைச் சாட்சிக்கு இழுத்ததுதான் வேடிக்கை. உருளை இருந்தால் படியெடுத்தல், அதாவது மரபணுவிலிருந்து ஆர்என்ஏ நகல் எடுப்பது, தொடங்குவது தடைபடுகிறது என்று 1987இல் சோதனைக்குழாயில் காட்டியது அவருடைய ஆய்வகமேதான்.