ஓடிஸ் ரெட்டிங்கை எந்தத் தொகுப்பில் தொடங்குவது?

சோல் இசை, அதாவது தேவாலயப் பாட்டின் சாயலோடு அமெரிக்கக் கறுப்பர்கள் வளர்த்த இசை, அந்தப் பக்கம் புதிதாக வருகிற யாராவது ஓடிஸ் ரெட்டிங் பற்றி விசாரித்தால், பெரும்பாலானவர்கள் உடனே அனுப்புவது ‘டாக் ஆஃப் தி பே’. துறைமுகத்தில் சும்மா உட்கார்ந்து கப்பல் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருக்கிற ஒருவனின் பாட்டு, கடைசியில் ஒரு சீட்டி. அருமையான பாட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் தொடங்கினால் ஓடிஸ் எப்படிப்பட்ட பாடகர் என்பது நமக்குப் பிடிபடாமலே போய்விடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

என்னைக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது ‘தி ஹிஸ்டரி ஆஃப் ஓடிஸ் ரெட்டிங்’. 1967 நவம்பரில் வந்த தொகுப்பு. மொத்தம் 12 பாட்டு. அவருடைய மிகப் பெரிய வெற்றிப் பாட்டான ‘டாக் ஆஃப் தி பே’ அதில் கிடையாது. இருக்கவும் முடியாது, ஏனென்றால் இந்த இசைத்தட்டு கடைக்கு வந்த அதே மாதத்தில்தான் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் அந்தப் பாட்டின் பதிவே தொடங்கியது.

அப்புறம் நடந்தது பலருக்கும் தெரியும். 1967 டிசம்பர் 10 அன்று விஸ்கான்சின் மாநிலத்தில், மேடிசன் ஊரை ஒட்டிய மொனோனா ஏரியில் அவருடைய விமானம் விழுந்தது. அவருக்கு வயது 26. கூடப் போன, அவருக்கு மேடையில் வாசித்த பார்-கேஸ் குழுவின் இளைஞர்களில் நான்கு பேர் இறந்தார்கள். விமானத்தில் இருந்தவர்களில் டிரம்பெட் வாசித்த பென் காலி ஒருவர்தான் பிழைத்தார். பாட்டு 1968 ஜனவரியில் வெளியாகி மார்ச்சில் அமெரிக்காவின் பில்போர்ட் வெற்றிப் பாட்டுப் பட்டியலின் முதலிடத்துக்குப் போனது. பாடியவர் இறந்த பிறகு ஒரு பாட்டு அங்கே முதலிடம் பிடித்தது அதுதான் முதல் முறை.

அதற்குப் பின்னால் வந்த தொகுப்புகளை எடுத்துப் பாருங்கள். ஏரியும் குளிரும் இல்லாமல் அவற்றைக் கேட்க முடிவதில்லை. ஒவ்வொரு பாட்டிலும் ஒரு சோக முன்னறிவிப்பைத் தேட ஆரம்பித்துவிடுகிறோம். 1967 தொகுப்பில் அந்தச் சுமை இல்லை. அதைத் தொகுத்தவர்களுக்கு ஓடிஸ் அடுத்த வருடமும் பாடப்போகிற ஆள். ஐந்து வருடத்தில் இவ்வளவு செய்திருக்கிறான் பாருங்கள் என்று பெருமையாக எடுத்து வைத்திருக்கிறார்கள். அந்த மனநிலையில்தான் இந்தப் பாடகரை முதலில் சந்திக்க வேண்டும்.

தொகுப்பிலேயே பழைய பாட்டு ‘தீஸ் ஆர்ம்ஸ் ஆஃப் மைன்’, 1962இல் பதிவானது. ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் ஊரிலிருந்து ஜானி ஜென்கின்ஸ் என்ற கிடார் கலைஞரை மெம்பிஸின் ஸ்டாக்ஸ் பதிவகத்துக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவர் ஓடிஸ். ஜென்கின்ஸின் பதிவு சரியாக அமையவில்லை. மிச்சமிருந்த நேரத்தில் வண்டி ஓட்டி வந்த பையனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். வழக்கமாகப் பியானோ வாசிப்பவர் கிளம்பிப் போயிருந்ததால் கிடார் கலைஞர் ஸ்டீவ் க்ராப்பர் பியானோவில் உட்கார்ந்தார். பாட்டைக் கேட்டால் அந்த ஏழ்மை தெரிகிறது. பின்னணியில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. குரல் மட்டும் கெஞ்சுகிறது. அந்தக் கெஞ்சலுக்காகவே மெம்பிஸ் வானொலி அறிவிப்பாளர் ஒருவர் அவருக்குப் பட்டப்பெயர் வைக்க, அதையே ‘மிஸ்டர் பிட்டிஃபுல்’ (பரிதாபத்துக்குரியவர்) என்று ஒரு துள்ளல் பாட்டாக்கிவிட்டார். அதுவும் இந்தத் தொகுப்பில் இருக்கிறது.

ஸ்டாக்ஸ் இருந்த கட்டடம் ஒரு பழைய சினிமா கொட்டகை. இருக்கைகளை எடுத்துவிட்டார்கள், சரிந்த தரையை அப்படியே விட்டுவிட்டார்கள். தின்பண்டம் விற்ற இடத்தில் இசைத்தட்டுக் கடை. நடத்தியவர்கள் ஜிம் ஸ்டூவர்ட், அவருடைய அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டன். கறுப்பரும் வெள்ளையரும் தனித்தனியாக வாழப் பழக்கப்பட்ட ஊரில், அந்தக் கொட்டகைக்குள் வாசித்தவர்களில் புக்கர் டி. ஜோன்ஸும் அல் ஜாக்சனும் கறுப்பர்கள், க்ராப்பரும் டொனால்ட் ‘டக்’ டன்னும் வெள்ளையர்கள். இந்த நால்வரும் சேர்ந்து வாசித்ததுதான் நாம் இன்று ஸ்டாக்ஸ் இசை என்று சொல்வது.

இந்த 12 பாட்டுகளையும் வரிசையாகக் கேட்கும்போது ஒன்று பளிச்சென்று தெரியும். டெட்ராய்ட் நகரின் மோடவுன் நிறுவனப் பாட்டுகளில் போலப் பின்பாட்டுக் குரல்கள் இல்லை. அந்த வேலையை டிரம்பெட்டும் சாக்ஸபோனும் செய்கின்றன. அவர் ஒரு வரி பாடினால் அவை பதில் சொல்கின்றன, ஆமாம் போடுகின்றன, சில சமயம் அவரையே முந்திக்கொண்டு உசுப்பிவிடுகின்றன. அந்த இசைத் துணுக்குகள் பலவும் ஓடிஸே வாயால் பாடிக் காட்டி வாசிக்க வைத்தவை. ‘ஃபா-ஃபா-ஃபா-ஃபா-ஃபா’ என்று அவர் பாடும் பாட்டு அதையே வெளிப்படையாகச் செய்கிறது. ஊதுகருவிக்குச் சொல்லிக்கொடுத்த சத்தத்தையே பல்லவியாக்கிவிட்டார். சோகப் பாட்டுத்தான் எனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டே நம்மைச் சிரிக்க வைக்கிற பாட்டு.

‘ட்ரை எ லிட்டில் டெண்டர்னெஸ்’ பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். இது 1930களின் தொடக்கத்தில் வந்த பாட்டு. பிங் க்ராஸ்பி போன்ற அந்தக் காலப் பாடகர்கள் நளினமாகப் பாடிவிட்டுப் போனது. 1966இல் ஓடிஸ் அதை எடுத்தபோது தொடக்கம் கிட்டத்தட்ட தேவாலயத்தில் பாடுவதுபோல மெதுவாக இருக்கிறது. களைத்துப் போன பெண்ணிடம் அன்பாக இரு என்று இன்னொரு ஆணுக்குச் சொல்கிறார். அப்புறம் அல் ஜாக்சன் டிரம்மின் விளிம்பில் டிக் டிக் என்று தட்ட ஆரம்பிக்கிறார். வேகம் கூடியது மாதிரி ஒரு உணர்வு வரும், ஆனால் பாடகர் இன்னும் அவசரப்படவில்லை. கிடார் சேர்கிறது, ஊதுகருவிகள் படியேறுகின்றன, அந்த டிக் டிக் மட்டும் நிற்பதே இல்லை. கடைசி ஒரு நிமிடத்தில் வார்த்தைகள் உடைந்து வெறும் அசைகளாகிவிடுகின்றன. மெல்ல நடந்துகொள் என்று சொல்கிற பாட்டு இப்படிக் கத்தலில் முடிவது முரணாகத் தெரியலாம். எனக்கு அது முரணே இல்லை. அன்பாக இரு என்று சொல்லிச் சொல்லி, சொன்னது போதவில்லை என்று தெரிந்ததும்தான் மனிதன் கத்துவான். நான்கு நிமிடத்துக்குள் இதைச் செய்து முடித்த வேறு பதிவை நான் கேட்டதில்லை.

முதல் பக்கம் பெரும்பாலும் இப்படி நிதானமான பாட்டுகள். இரண்டாம் பக்கம் ‘ரெஸ்பெக்ட்’டோடு பாய்கிறது. அரீதா ஃப்ராங்க்ளின் 1967இல் பாடி உலகம் முழுக்க எடுத்துச் சென்ற அதே பாட்டு. எழுதியவர் ஓடிஸ், முதலில் பாடியதும் அவர், 1965இல். வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற ஆண் மனைவியிடம் மரியாதை கேட்கிற பாட்டாகத்தான் அது பிறந்தது. அரீதா அதைப் பெண்ணின் கோரிக்கையாகத் திருப்பிப் போட்டார். அரீதாவின் பதிவுதான் உயர்ந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருந்தாலும் இந்த மூலப் பதிவில் டிரம் அடிக்கிற அடியைக் கேளுங்கள். வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டுகிற அவசரம் அதில் இருக்கிறது.

‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ மட்டும் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ராக் குழுவின் பாட்டை ஊதுகருவிகளுக்கு மாற்றியது நல்ல யோசனை, ஆனால் அந்தப் பாட்டின் எரிச்சல் ஓடிஸுடையது இல்லை. அவர் எரிச்சல்படுகிற பாடகர் இல்லை, வேண்டுகிற பாடகர்.

அதை ஈடுகட்டுகிறது ‘ஐ கான்ட் டர்ன் யூ லூஸ்’. கிடாரும் பேஸும் ஊதுகருவிகளும் ஒரே துணுக்கைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்கின்றன. உட்கார்ந்து கேட்க முடியாத பாட்டு. கடைசியாக ‘ஷேக்’, சாம் குக்கின் பாட்டு. ஓடிஸ் மிகவும் மதித்த சாம் குக் 1964 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஆசானின் பாட்டைத் துக்கமாகப் பாடாமல், ஆட்டம் போட வைத்து முடித்திருக்கிறார்.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்தப் பாட்டுகளைத் தனித்தனியாகத் தேடிப் பிடிக்காதீர்கள். அந்த 12 பாட்டையும் இசைத்தட்டில் இருந்த வரிசையிலேயே, ‘ஐவ் பீன் லவிங் யூ டூ லாங்’கில் தொடங்கி ஒரே மூச்சில் கேளுங்கள். அரை மணி நேரத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். கேட்டவர்கள் எந்தப் பாட்டில் எழுந்து நின்றீர்கள் என்று கீழே எழுதுங்கள். ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ விஷயத்தில் என்னோடு சண்டை போட வருபவர்களும் தாராளமாக வரலாம்.